இரண்டு பாட்டுக்கு நடுவில் வந்த குரல்

எனக்குச் சந்தேகபுத்தி. யாரும் சொல்லித் தெரிந்துகொண்டதில்லை, சின்ன வயதிலிருந்தே தெரியும். கடையில் எடை போடும்போது எல்லாரும் தராசைப் பார்ப்பார்கள், நான் கடைக்காரனின் சுண்டுவிரலைப் பார்ப்பேன். ஒருவர் காரணமில்லாமல் என்னிடம் சிரித்துப் பேசிவிட்டால் அன்றைக்கு எனக்கு வேலை ஓடாது. கல்யாணமான புதிதில் என் மனைவி காப்பியில் சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தபோதுகூட, என்னத்தையோ கேட்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு அவள் எதுவும் கேட்கவில்லை.

எண்பதுகளில் போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தேன். இரண்டு டெக், ஒரு ஆம்பிளிஃபயர், சுவர் முழுக்கக் கேசட். ஆட்கள் தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொண்டுவருவார்கள். நான் ஒவ்வொன்றாக எடுத்துப் புதுக் கேசட்டில் பதிந்து, அட்டையில் கடையின் ரப்பர் ஸ்டாம்பைக் குத்திக் கொடுப்பேன். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும் ஜீப் டிரைவர்கள்தான் முக்கியமான வாடிக்கை. வளைவுக்கு வளைவு அவர்களுக்குப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வருவதற்குள் டேப் கொஞ்சம் சும்மா ஓடினால் போதும், “என்னண்ணே, ஒங்க கேசட்டு தூங்குது” என்று வந்து நிற்பார்கள். அதனால் பாஸ் பட்டன்மேல் கட்டைவிரலை வைத்தபடியே உட்கார்ந்திருப்பேன். பாட்டு முடிகிற இடத்தில் அமுக்கி, அடுத்தது தொடங்குகிற இடத்தில் விடுவேன். நான் பதிந்த கேசட்டில் இரண்டு பாட்டுக்கு நடுவில் ஈ நுழைய இடம் இருக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கர்வத்தையும் சந்தேகத்தையும் சேர்த்து நான் ஒரு காரியம் செய்தேன். அதை இத்தனை வருஷமாக யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

ஒரு புதன்கிழமை உச்சிவேளை. மலையில் காய் எடுக்கிற பருவம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா கடைக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் போகிற வரைக்கும் அவள் எதிர்க்கடை போர்டைப் படிப்பதுபோல் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று அவள் பார்த்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் சந்தேகம் அங்கேயே விழுந்தது.

ஆட்கள் போனதும் உள்ளே வந்தாள். மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு வெளிநாட்டுக் கேசட். கடையில் விற்கிற மாதிரி அச்சடித்த அட்டை இல்லை. பேனாவால் கோணல் மாணலாக இங்கிலீஷில் எழுதியிருந்தது.

“தம்பி, இதை அப்படியே இன்னொண்ணுல எறக்கித் தரணும். வெள்ளிக்கெழம காலையில இதைத் திருப்பிக் குடுத்தாகணும். வெரசா வேணும்.”

“என்ன பாட்டு ஆத்தா?”

“இங்கிலீசுப் பாட்டு.”

அவள் விரல் நுனிகள் கறுத்துப் போயிருந்தன. ஏலக்காய் எடுக்கிறவள். “யாரு கேக்கறதுக்கு?” என்றேன்.

“எனக்குத்தேன்.”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த ஊர் என்று கேட்டதற்கு ராசிங்காபுரம் என்றாள். கேசட் யாருடையது என்று கேட்டதற்கு, “தெரிஞ்சவுக” என்று முடித்துக்கொண்டாள். பிறகு மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றி, அதுவரை இல்லாத அழுத்தத்தோடு சொன்னாள்.

“ஒண்ணையும் விட்றாதீங்க. பாட்டு முடிஞ்சிருச்சுன்னு நிப்பாட்டிறக் கூடாது. நடுவுல சனங்க சத்தம் போடுவாக. அதெல்லாம் அப்படியே வரணும்.”

“அது எதுக்கு ஆத்தா?”

“வரணும் தம்பி” என்றாள். அவ்வளவுதான். நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

எத்தனையோ விதமான வாடிக்கையைப் பார்த்திருக்கிறேன். பாட்டு வேண்டாம், பாட்டுக்கு நடுவில் இருக்கிற சத்தம் வேண்டும் என்று கேட்ட ஆள் அவள் ஒருத்திதான்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டேப்பைப் போட்டேன். போட்ட வேகத்தில் வால்யூமைக் குறைத்தேன். எனக்கு இங்கிலீஷ் பாட்டு புதிதில்லை. பெங்களூரில் படித்துக்கொண்டிருந்த ஏலக்காய் வியாபாரி மகன் ஒருத்தன் லீவில் வரும்போதெல்லாம் எடுத்து வந்து பதியச் சொல்வான். இது அந்த ரகம் இல்லை. தகரக் கூரைமேல் ஆலங்கட்டி மழை விழுகிற மாதிரி டிரம்ஸ். கிட்டார் என்று சொன்னால் நம்ப முடியாத ஓர் இரைச்சல். அதற்குமேல் ஒருத்தன் பாடவில்லை, உறுமினான். தொண்டை கிழிந்து ரத்தம் வரப் போகிறது என்று எனக்கே பயமாக இருந்தது. மேடையில் பாடும்போதே கூட்டத்தோடு சேர்த்துப் பிடித்த டேப் அது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் கத்தினார்கள். சந்தோஷமாகக் கத்துகிறார்களா, யாரையாவது அடிக்கிறார்களா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இதை ராசிங்காபுரத்து அம்மா எதற்குக் கேட்கிறாள்? பேய் ஓட்டவா, பேய் ஏவவா?

மூன்றாவது பாட்டு முடிந்தது. கூட்டம் கத்தி ஓய்ந்தது. பாடுகிறவன் ஏதோ இரண்டு வார்த்தை சொன்னான். கொஞ்சம் அமைதி. அந்த அமைதிக்குள் ஒரு குரல் வந்தது.

ஓ... ஓ... ஓஓஓய்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது இங்கிலீஷ் கூச்சல் இல்லை. எங்கள் மலைக் குரல்.

ஏலக்காய் மற்றக் காய் மாதிரி கைக்கெட்டுகிற கிளையில் தொங்காது. செடியின் தூரில், தரையோடு தரையாகச் சரம் விட்டுக் காய்க்கும். குந்தி உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். ஆளுயரச் செடிக்கு அடியில் உட்கார்ந்துவிட்டால் பத்தடி தள்ளியிருக்கிற ஆள் தெரியாது. மஞ்சு இறங்கிப் பனிமூட்டமாகிவிட்டால் கேட்கவே வேண்டாம். அதனால் காய் எடுக்கிறவர்கள் அவ்வப்போது குரல் கொடுப்பார்கள். ஆளுக்கு ஒரு குரல். ஒருவர் குரலை இன்னொருவர் போட மாட்டார்கள். குரல் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், பதில் வருகிற வரைக்கும். வீட்டு ஆள் குரல் காதில் விழுந்தால் எந்த வேலையிலிருந்தாலும் பதில் கொடுத்தே ஆக வேண்டும். பதில் வராவிட்டால் சாக்கைப் போட்டுவிட்டுத் தேடி ஓடுவார்கள். காட்டுமாடு குத்தியிருக்கலாம், பாம்பு கடித்திருக்கலாம். போடியில் இது எல்லாருக்கும் தெரியும். நான் மலையில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை, எனக்கே தெரியும்.

அந்தக் குரல் எப்படி வெளிநாட்டுக் கேசட்டில் வந்தது?

ரீவைண்ட் செய்து மறுபடி கேட்டேன். இரண்டு குட்டையான ஓ, பிறகு ஒரு நீளம். நீளமானது முடிகிற இடத்தில் இறங்காமல் லேசாக மேலே ஏறியது. அதற்குப் பிறகு ஒரு இடைவெளி. பிறகு அதே குரல் இரண்டாவது முறை, கொஞ்சம் அவசரமாக. அதற்குள் டிரம்ஸ் ஆரம்பித்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. மொத்தம் ஒன்பது தடவை கேட்டேன். கேட்கக் கேட்க என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. சந்தேகப்படுகிறவனுக்கு மூளை வேலை செய்தால் அதைவிட ஆபத்து வேறில்லை.

நான் கட்டிய கோட்டை இதுதான். அந்தக் காலத்தில் போடிமெட்டு வழியாகக் கேரளாவுக்கு என்னென்னவோ கடத்துவதாக ஊரில் பேச்சு. யாரோ இந்தக் கேசட்டின் நடுவில் மலைக் குரலைச் சேர்த்துப் பதிந்திருக்கிறார்கள். ஜீப்பில் இதைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் வருவார்கள். காவல்காரனுக்கு வெறும் இரைச்சல். காட்டுக்குள் காத்திருக்கிறவனுக்கு அது அடையாளம். ஒரு குரல், இடைவெளி, மறு குரல். இடைவெளிகூடக் கணக்காக வைத்திருக்கிறார்கள் பார் என்று எனக்குள்ளேயே மெச்சிக்கொண்டேன்.

என் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். அவளையும் கேட்கச் சொன்னேன்.

“மலையில கூப்பிடற மாதிரில்ல இருக்கு” என்றாள்.

“ஒனக்கும் கேக்குதுல்ல? அதான்!”

“என்ன அதான்? நம்ம பக்கத்து ஆளு யாராச்சும் அங்கிட்டுப் பொழைக்கப் போயிருப்பான்.”

“பொழைக்கப் போனவன் பாட்டுக் கச்சேரில நின்னு எதுக்குக் கூவுறான்?”

“வேற எங்க நின்னு கூவுவான்? சாப்பிடுங்க, ஆறிப்போகுது.”

அவள் சொன்னதுதான் உண்மை. தட்டைக் கழுவுவதற்குள் நான் அதைத் தள்ளிவிட்டேன்.

என் பயம் வேறு மாதிரி போனது. கேசட் செக்போஸ்ட்டில் பிடிபட்டால் அட்டையில் என் ஸ்டாம்ப் இருக்கும். போலீஸ் நேராக என் கடைக்குத்தான் வரும். முடியாது என்று திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுமே? அதனால் பதிந்தேன். அந்தக் குரல் வருகிற இடத்துக்கு முன்னால் பாஸ் பட்டனை அமுக்கி, அடுத்த பாட்டில் விட்டேன். அது ஒன்றை மட்டும் வெட்டினால் தெரிந்துவிடும் என்று எல்லாப் பாட்டின் இடைவெளியையும் வெட்டினேன். சனங்கள் போட்ட சத்தம் ஒன்றுகூட மிச்சமில்லை. நான் செய்ததிலேயே சுத்தமான கேசட் அது.

வியாழக்கிழமை அவள் வந்தாள். “எல்லாம் இருக்குல்ல தம்பி?” என்றாள்.

“இருக்கு ஆத்தா.”

அவள் இரண்டு கேசட்டையும் ஒரே துணியில் முடிந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறக்காமல் ஜீப் ஸ்டாண்டுக்குப் போய் டீக்கடைக்குள் உட்கார்ந்தேன். நான் நினைத்தபடியே அவள் வந்தாள். பேன்ட் போட்ட ஒருத்தன் பெட்டியோடு நின்றிருந்தான். அவர்கள் மலையாளமும் தமிழும் கலந்து ஏதோ பேசினார்கள். அவள் துணி முடிச்சைப் பிரித்து அந்த வெளிநாட்டுக் கேசட்டை அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைப் பெட்டிக்குள் துணிக்கு அடியில் வைத்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடாமல் நின்றாள். ஜீப் கிளம்பி மெட்டுப் பக்கம் திரும்பியது. பார்த்தாயா, நான் சொன்னேனே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இன்னொரு டீ குடித்தேன். பத்தடி தூரத்தில் அந்தக் கேசட் என்னைக் கடந்து போனது. ஓடிப்போய் ஜீப்பை நிறுத்தியிருக்க முடியும். இன்றைக்கும் இஞ்சி டீ வாடை வந்தால் அந்த ஜீப்புதான் ஞாபகம் வருகிறது.

திங்கட்கிழமை அவள் மறுபடி வந்தாள். சண்டை போடவில்லை. கேசட்டை மேசைமேல் வைத்தாள்.

“தம்பி, இதுல எம் மகன் இல்ல.”

எனக்குப் புரியவில்லை. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தெருவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

அவளுக்கு ஒரே மகன். சின்னதிலிருந்தே அவளோடு மலைக்குப் போய்க் காய் எடுத்தவன். மலைக்கு அந்தப் பக்கத்து ஆள் ஒருத்தன் சேர்க்கையில் கொச்சிக்குப் போய்க் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான். ஏதோ ஒரு தேசத்துத் துறைமுகத்தில் இரண்டு பேரும் இறங்கி, திரும்ப ஏறவே இல்லை. கையில் முறையான காகிதம் கிடையாது. பாட்டுக் கச்சேரி நடக்கிற பெரிய மண்டபம் ஒன்றில் ஸ்பீக்கர் பெட்டி தூக்குகிற வேலை கிடைத்தது. போலீஸுக்குத் தெரிந்தால் பிடித்துவிடுவார்கள் என்று அவள் ஊரில் மகன் பம்பாயில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் வேறு ஊருக்கு வேலை தேடிப் போனான். அதோடு கடிதாசி நின்றுவிட்டது. எங்கே இருக்கிறான், இருக்கிறானா என்று தெரியாது. பிறகு எப்படியோ காகிதம் வாங்கிவிட்ட அந்தப் பூப்பாறைக் கூட்டாளி லீவில் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தாள். சேதி ஒன்றும் அவனிடம் இல்லை. இந்த டேப்தான் இருந்தது. கச்சேரியைப் பதிந்த ஆள் பெட்டி தூக்கியவர்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்திருக்கிறான்.

“இம்புட்டுக் கூட்டத்துல ஒன் சத்தம் கேக்குமாடான்னு கூட வேலை பாத்தவுக கேலி பண்ணிருக்காக. அவன் மேடைக்குப் பக்கத்துல நின்னு குரல் குடுத்துட்டான். எங்க தோட்டத்துல குடுக்கற அதே குரலு தம்பி. கேட்டதும் எனக்குப் பதிலு வாய்க்கு வந்துருச்சு. அடுத்தவுக வீடு, ஆம்பளைக உக்காந்திருக்காக. கூச்சப்பட்டு அடக்கிக்கிட்டேன். நமக்குன்னு ஒரு கேசட்டு வந்தபெறகு மலையில வச்சுக் குடுத்துக்கலாம்னு இருந்தேன். பெத்த பிள்ளை கூப்பிட்டுப் பதில் குடுக்காம வந்துட்டேன்ல?”

என் வாய் தன் பாட்டுக்குப் பொய் சொன்னது. “டெக்கு இழுத்துருச்சு போல ஆத்தா. அந்த எடத்துல டேப்பே சரியில்ல.”

“நீங்க வெட்டிட்டீங்களா தம்பி?”

“இல்ல ஆத்தா.”

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். நான் ஊரையெல்லாம் அப்படித்தான் பார்ப்பேன். கேசட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் நான் செய்ததைச் சொன்னால் வெட்கக்கேடு. அவள் கதை உண்மைதானா என்று விசாரிக்க ராசிங்காபுரம் போனேன். டீக்கடையில் கேட்டால், அந்த மகன் பம்பாயில் இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், பொய்தான் சொல்லியிருக்கிறாள் என்று மனசு குதித்தது. அப்புறம்தான் உறைத்தது. சொந்த ஊருக்கே சொல்லாததை அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். திரும்பி வரும்போது பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர் கண்ணில் தூசியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பூப்பாறைக்குப் போனேன். கூட்டாளி போய்விட்டிருந்தான். அவன் வீட்டில் கொடுத்த விலாசத்துக்கு ஒரு வாத்தியாரைப் பிடித்து இங்கிலீஷில் கடிதம் எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. இரண்டாவதாக எழுதியதற்கும் இல்லை.

என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. கேசட்டின் மேல் இருந்த அந்தக் கோணல் எழுத்துகளைப் பார்த்து அவளுக்குக் கொடுத்த கேசட்டின் அட்டையில் நான் எழுதியபோது, சந்தேகத்துக்கு இருக்கட்டும் என்று என் நோட்டிலும் எழுதி வைத்திருந்தேன். அது அந்தக் குழுவின் பெயரும் கச்சேரி நடந்த மண்டபத்தின் பெயரும். அதை வைத்துக்கொண்டு மதுரையில் ஒரு கடை விடாமல் கேட்டேன். கொச்சிக்குப் போகிற லாரி டிரைவர்களிடம் சொல்லி வைத்தேன். இந்த வயதில் உங்களுக்கு எதற்கு இந்தப் பாட்டு என்று எல்லாரும் சிரித்தார்கள். ஒரு கடைக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்து, ஒரு மாதிரியாகச் சிரித்து, பின்பக்கம் வரச் சொன்னான். எதற்கென்று கேட்காமல் இறங்கி வந்துவிட்டேன். அடுத்தவர் நம்மைச் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்று அந்தச் சில வருஷங்களில் நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

மூன்று வருஷம் கழித்து, பெங்களூரில் படித்த அந்த ஏலக்காய் வியாபாரி மகன் கொண்டுவந்தான். அச்சடித்த அட்டை. மண்டையோடு, ரத்தச் சிவப்பில் எழுத்து. “மேடையில பாடுனதுதான் அண்ணே, நீங்க சொன்ன அதே மண்டபம்” என்றான். உடனே டெக்கில் போட்டேன். அதே கச்சேரிதான். மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் ஒரு இடத்தில் தடுமாறும், அது அப்படியே இருந்தது. பாட்டு முடிந்தது. கூட்டம் கத்தியது. நான் ஸ்பீக்கரோடு காதை ஒட்டிவைத்தேன். கூச்சல் மெல்ல மங்கியது, உடனே அடுத்த பாட்டு வந்துவிட்டது.

திருப்பிப் போட்டேன். மறுபடி அதேதான். கேசட்டை விற்பதற்குத் தயார் செய்த கம்பெனியில் யாரோ ஒருத்தன் உட்கார்ந்து, பாட்டுக்கு நடுவில் சும்மா கிடக்கிறது என்று வெட்டியிருக்கிறான். எங்கேயோ கடல் தாண்டி, என்னை மாதிரியே பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு ஒருத்தன். அவன்மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவனுக்காவது அந்தக் குரல் என்னவென்று தெரியாது.

“போய் அந்தம்மாகிட்ட உள்ளதைச் சொல்லிருங்க” என்றாள் என் மனைவி. “மூணு வருசமா நீங்க தூங்கின லெட்சணத்தை நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்.”

அதுவும் காய் எடுக்கிற பருவம். காலை ஜீப்பில் ஏறிப் போடிமெட்டுக்குப் போனேன். அவள் வேலை பார்க்கிற தோட்டத்தைக் கண்டுபிடித்து உள்ளே போனபோது மஞ்சு மரத்து உச்சியில் நின்றது. மேஸ்திரி ஒரு சரிவைக் காட்டினார். செடிகளுக்குள் குனிந்து குனிந்து போனேன். அவள் ஒரு தூரில் குந்தி உட்கார்ந்து காய் உருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“என்ன தம்பி, இம்புட்டுத் தூரம்? என்ன வேணும்?” குரலில் ஒட்டுதல் இல்லை.

நான் நின்றபடியே சொன்னேன். வெட்டியது நான்தான். டெக் இழுக்கவில்லை. அவளைக் கடத்தல்காரி என்று நினைத்தேன். ஜீப் ஸ்டாண்டில் ஒளிந்திருந்து பார்த்தேன். அந்தக் கேசட் போகிறதைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தேன். புதுக் கேசட் தேடிப் பிடித்தேன், அதிலும் இல்லை. இனி எங்கேயும் கிடைக்காது. எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

அவள் கை நிற்காமல் காய் உருவிக்கொண்டே இருந்தது. இடுப்புப் பையில் போட்டாள். பிறகு நிறுத்தினாள்.

“நீங்க அதை எத்தனை தடவை கேட்டீக?”

“ஒன்பது தடவை.”

“நான் ஒரே தடவைதான் கேட்டேன்” என்றாள். “அதுவும் பதட்டத்துல. இப்பல்லாம் நெனச்சுப் பாத்தா எப்படி இருந்துச்சுன்னே பிடிபட மாட்டேங்குது. சின்னப் பிள்ளையில கூப்பிட்டதுதான் வருது.” என்னை நிமிர்ந்து பார்த்தாள். “ஒங்களுக்கு நெனப்பு இருக்கா?”

இருந்தது. ஒவ்வொரு இழுப்பும் இருந்தது. ஒரு குற்றவாளியைப் பிடிக்கிற கவனத்தோடு மனப்பாடம் செய்தது, எப்படி மறக்கும்?

“அப்ப குடுங்க.”

“என்ன ஆத்தா?”

“அவன் எப்படிக் குடுத்தான்னு குடுத்துக் காட்டுங்க. வெட்டுன ஆளும் நீங்க, கேட்ட ஆளும் நீங்கதேன். வேற யாரு இருக்கா எனக்கு?”

வாழ்நாளில் சத்தம் போட்டு ஒரு பாட்டுக்கூடப் பாடியதில்லை நான். அவள் காத்திருந்தாள். வாய்க்கு இரு பக்கமும் கையைக் குவித்துக் குரல் கொடுத்தேன். பாதியில் உடைந்தது.

“வெக்கப்படாதீங்க.”

மறுபடி கொடுத்தேன். இரண்டு குட்டை, ஒரு நீளம். கடைசியில் இறக்காமல் லேசாக ஏற்றினேன், அவன் ஏற்றிய மாதிரியே. அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“கூப்பிட்டுட்டு என்ன பண்ணான்?”

“சும்மா இருந்தான் ஆத்தா. காத்துக்கிட்டு இருந்தான்.”

“பெறகு?”

“இன்னொரு தடவை கூப்பிட்டான். கொஞ்சம் அவசரமா.”

“அதையும் குடுங்க.”

இரண்டாவது குரலையும் கொடுத்தேன். பிறகு அவனைப் போலவே சும்மா நின்றேன். டிரம்ஸ் எதுவும் வரவில்லை. மரங்களிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து நின்றாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முகத்தை மேற்கே திருப்பி, பதில் குரல் கொடுத்தாள். அந்த ஒடுங்கின உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

அது அடங்கியதும் சரிவின் மேலே, கண்ணுக்குத் தெரியாத செடிகளுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் சந்தோஷமாகக் கத்தியது.

“அக்கா! ஒம் மகன் வந்துட்டானா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்துக் கத்திச் சொன்னாள்.

“அவன் வரல தாயி. குரலு மட்டும் வந்திருக்கு.”